அனுபவத்துக்கும் முளைப்புத்திறன் பார்க்கணும்

"அதெல்லாம் போட்டுப் பார்த்தாச்சுங்க. நம்ம மண்ணுக்குச் சரிப்பட்டு வராது."

உழவர் கூட்டம் எங்கே நடந்தாலும் இந்தப் பேச்சைக் கேட்காமல் வீடு திரும்ப முடிவதில்லை. பாரம்பரிய நெல்லைப் பற்றிப் பேசினாலும் வரும். மூடாக்கைப் பற்றிப் பேசினாலும் வரும். இயற்கை வேளாண்மை என்று வாயெடுத்தாலே வரும். சொல்கிறவர் பொய் சொல்லவில்லை. நிஜமாகவே போட்டிருப்பார், நிஜமாகவே நட்டப்பட்டிருப்பார். அவர் சொல்லி முடித்ததும் கூட்டம் கொஞ்ச நேரம் அமைதியாகிவிடும். பட்டவர் சொல்கிறார், அதற்கு மேல் நாம் என்ன சொல்ல? பேச்சு அடுத்த விஷயத்துக்குத் தாவிவிடும்.

எனக்கு அந்த அமைதிதான் உறுத்துகிறது. எந்த வருஷம் போட்டீங்க, எந்த வயல், என்ன ரகம், எந்தப் பட்டம், தண்ணி எப்படி இருந்தது என்று யாரும் கேட்பதில்லை. பேச்சு தொடங்க வேண்டிய இடத்தில் முடிந்துபோகிறது. பாடமாக இருக்க வேண்டிய அனுபவம் பூட்டாக மாறிவிடுகிறது. இதைப் பற்றி நம்ம ஆட்களோடு மனம்விட்டுப் பேசலாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

பயத்துக்குக் காரணம் இருக்கு

அனுபவத்தைக் குறைத்துப் பேச நான் வரவில்லை. உழவே அனுபவத்தால் ஆன தொழில். மண்ணை உள்ளங்கையில் உருட்டிப் பார்த்து, ஏர் பூட்டலாமா, இன்னும் ரெண்டு நாள் பொறுக்கணுமா என்று சொல்கிற பெரியவரை எந்தக் கருவியும் ஜெயிக்க முடியாது. நெல்லைப் பல்லில் கடித்துப் பார்த்து, காய்ச்சல் போதுமா என்று சொல்கிற அம்மாக்கள் நம் வீட்டில் இருக்கிறார்கள். அவர்கள் சேர்த்து வைத்த அறிவின் மேல்தான் இயற்கை வேளாண்மை நிற்கிறது.

புதுசு என்றால் உழவர் ஒதுங்குவதற்கும் காரணம் இருக்கிறது. காட்டாமணக்கு வைத்தால் டீசல் விளையும் என்றார்கள். ஈமு கோழி வளர்த்தால் மாதாமாதம் சம்பளம் மாதிரி பணம் வரும் என்றார்கள். மூலிகை போடு, நாங்களே எடுத்துக்கொள்கிறோம் என்றார்கள். அறுவடை நேரத்தில் சொன்ன ஆளைக் காணோம். கடன் மட்டும் வீட்டு வாசலில் வந்து நின்றது. இப்படி ரெண்டு தடவை அடிபட்டவன் மூன்றாவது ஆள் வரும்போது கதவைச் சாத்தத்தான் செய்வான்.

சூடு கண்ட பூனை அடுப்பங்கரையை நாடாது என்பார்கள். அந்தப் பூனையை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால், மார்கழிக் குளிரில் பூனை சுருண்டு படுக்கிற இடமும் அதே அடுப்பங்கரைதானே? அடுப்பு எரிகிறதா, அணைந்து சாம்பலாகிக் கிடக்கிறதா என்று எட்டிக்கூடப் பார்க்காத பூனை குளிரில் விறைக்க வேண்டியதுதான்.

விதைநெல்லுக்கு ஒரு நியாயம், அனுபவத்துக்கு ஒரு நியாயமா?

போன வருஷ விதைநெல்லை நாம் அப்படியே கொண்டுபோய் விதைப்பதில்லை. முதலில் தூற்றுகிறோம். பிறகு முட்டை மிதக்கிற அளவுக்கு உப்பைக் கரைத்து, அதில் நெல்லைக் கொட்டுகிறோம். பதரும் அரைகுறையும் மேலே வருகிறது, அதை அரித்து எடுத்துவிட்டு, அடியில் தங்கிய மணியை நல்ல தண்ணீரில் அலசி எடுக்கிறோம். அதோடு விடுகிறோமா? நூறு மணியை எண்ணி ஈரச் சாக்கில் சுருட்டி வைத்து, எத்தனை முளைக்கிறது என்று பார்க்கிறோம். எண்பதுக்குக் குறைந்தால் அந்த விதையை நம்புவதில்லை. சான்று விதைக்கும் அரசு வைத்திருக்கிற அளவு 80 சதம்தான்.

நம்ம வயலில் விளைந்து, நம்ம கையால் அறுத்து, நம்ம குதிரில் கட்டிவைத்த நெல்தான். இருந்தும் சோதிக்காமல் விதைப்பதில்லை. ஏனென்றால், வைத்த நாளிலிருந்து விதைக்கிற நாள்வரை அதற்குள் என்ன நடந்ததோ நமக்குத் தெரியாது. ஈரம் ஏறியிருக்கலாம், அந்து விழுந்திருக்கலாம்.

அனுபவமும் விதைநெல் மாதிரிதான். பத்து வருஷத்துக்கு முன்னால் மனசில் மூட்டை கட்டி வைத்ததை அவிழ்த்துப் பார்க்காமல், உப்புக் கரைசலில் போடாமல், இன்றைக்கு வயலில் கொட்டுகிறோம். கொட்டுகிறதோடு நிற்காமல் பக்கத்து வயல்காரனுக்கும் பிள்ளைகளுக்கும் அதையே அளந்து கொடுக்கிறோம். இதுதான் நான் சொல்ல வருகிற குறை.

"பாரம்பரிய நெல்லு சாயும், கதிர் வராது"

ஒரு அனுபவத்தை அவிழ்த்துப் பார்ப்போம். எங்கள் பக்கம், திருவாரூர் மாவட்டத்துக் கடைமடையில், அடிக்கடி கேட்கிற புகார் ரெண்டு. "மாப்பிள்ளைச் சம்பா போட்டேன், ஆளுயரம் வளர்ந்து மொத்தமும் சாஞ்சு போச்சு" என்பது ஒன்று. "சீரகச் சம்பா மாதிரி ஒரு பழைய ரகம் போட்டேன், பச்சைப் பசேல்னு நிக்குது, நாலு மாசம் ஆகியும் பூக்கவே இல்லை" என்பது இன்னொன்று. ரெண்டும் நடந்தவைதான்.

சாய்ந்த வயலைக் கேட்டுப் பாருங்கள். முந்தின போகம்வரை மூட்டை மூட்டையாக யூரியா வாங்கிய வயலாக இருக்கும். அல்லது பயந்துகொண்டு இந்த ரகத்துக்கும் ஒரு கை போட்டிருப்பார்கள். குட்டை ரகம் தழைச்சத்தைத் தாங்கும், அதற்காகவே உருவாக்கியது. நம்ம பழைய ரகம் நெடுநெடுவென்று வளரும் சாதி. அதற்குத் தழைச்சத்து கூடினால் தண்டு இளைத்து, மழையிலும் காற்றிலும் படுத்துவிடும். இங்கே "பழைய ரகம் சாயும்" என்பது பாடமில்லை. "இந்த ரகத்துக்கு இந்தத் தீனி ஆகாது" என்பதே பாடம்.

பூக்காத வயலின் கதை வேறு. நம்ம நீண்டகாலச் சம்பா ரகங்களில் பல, பகல் பொழுது குறையும்போதுதான் பூக்கும். அதை எந்த மாதம் விதைத்தாலும் பொழுது சுருங்குகிற காலம் வந்தால்தான் கதிர் தள்ளும். குறுவைப் பட்டத்தில் கொண்டுபோய் விதைத்தால், இலையும் தாளுமாக வளர்ந்துகொண்டே நிற்கும். மாடு சந்தோஷப்படும், ஆள் அழுவான். அந்த நெல்லைக் குறை சொல்லி என்ன பயன்? பட்டம் தப்பியது. குறுவைக்குப் பூங்கார், அறுபதாங்குறுவை என்று தனியாக வைத்திருந்தார்கள் நம் முன்னோர். அந்தப் பிரிவு நமக்கு மறந்துபோச்சு.

ஆக, ரெண்டு பேரும் பட்டது உண்மை, எடுத்த முடிவு தப்பு. அனுபவம் என்ன நடந்தது என்று மட்டும்தான் சொல்லும். ஏன் நடந்தது என்பதை நாம் தோண்டித்தான் எடுக்கணும்.

ஒரு வருஷக் கணக்கு

"இயற்கைக்கு மாறினேன், முதல் வருஷமே பாதி விளைச்சல். விட்டுட்டேன்." இப்படிச் சொல்கிறவர்களும் நிறைய. ஐம்பது வருஷமாக மருந்தும் உப்பும் தின்ற மண்ணில், ஒரே நாளில் எல்லாத்தையும் நிறுத்தினால் விளைச்சல் இறங்கத்தான் செய்யும். மண்ணில் மக்கு இல்லை, மண்புழு இல்லை, நுண்ணுயிர் இல்லை. யூரியாவை நிறுத்தியவர் அந்த இடத்தில் எதை வைத்தார்? பலதானியம் விதைத்துப் பூக்கிற பருவத்தில் மடக்கி உழுதாரா? தக்கைப்பூண்டோ சணப்போ கொழுஞ்சியோ போட்டாரா? எதுவும் செய்யாமல் உரத்தை மட்டும் நிறுத்துவதற்குப் பெயர் இயற்கை வேளாண்மை இல்லை. மண்ணைப் பட்டினி போடுவது.

அங்ககச் சான்றிதழ் விதிகளே மாறுகாலம் என்று ஒன்றைத் தனியாக வைத்திருக்கின்றன. ஒருபோகப் பயிர்களுக்கு ரெண்டு வருஷம், பல்லாண்டுப் பயிர்களுக்கு மூணு வருஷம். காகிதத்துக்கே அவ்வளவு பொறுமை வேண்டியிருக்கிறது. மண்ணுக்கு வேண்டாமா?

இதே தப்பு ஒரு நாட்டு அளவில் நடந்ததையும் பார்த்தோம். 2021 மே மாதம் இலங்கை அரசு ரசாயன உர இறக்குமதிக்கு ஒரேயடியாகத் தடை போட்டது. நாடு முழுக்கத் தேவையான தொழு உரத்துக்கு ஏற்பாடு இல்லை, உழவருக்குப் பயிற்சி இல்லை, மாறுகாலம் என்கிற பேச்சே இல்லை. அந்நியச் செலாவணி நெருக்கடியும் பின்னால் இருந்தது. நெல் விளைச்சல் சரிந்தது, தேயிலை அடிவாங்கியது, விவசாயிகள் தெருவுக்கு வந்தார்கள். நவம்பரிலேயே தடையை விலக்க வேண்டியதாயிற்று. கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் மட்டக்களப்பிலும் வயல் வைத்திருக்கிற நம் மக்களும் அதில் அடிபட்டார்கள்.

இப்போது எங்கே போனாலும் "இலங்கையைப் பார்த்தீங்களா?" என்று நம்மைக் கேட்கிறார்கள். பார்த்தோம். நல்லா உற்றுப் பார்த்தோம். உழவனைக் கேட்காமல், மண்ணைத் தயார் செய்யாமல், மேலேயிருந்து ஒரே கையெழுத்தில் மாற்றினால் என்ன ஆகும் என்பதே அங்கே கிடைத்த பாடம். அதை "இயற்கை வேளாண்மை சோறு போடாது" என்று படிப்பவர், பூக்காத சம்பாவைப் பார்த்து நெல்லே பூக்காது என்று சொன்னவருக்குச் சமம். அதேபோல நம்மவர்களில் சிலர் "அது வெறும் சதி" என்று ஒரே வார்த்தையில் ஒதுக்குகிறார்கள். அதையும் நான் ஏற்கமாட்டேன். நமக்குப் பிடிக்காத அனுபவத்தையும் உப்புக் கரைசலில் போட்டுத்தான் ஆகணும்.

நல்ல அனுபவமும் கட்டிப்போடும்

பட்ட சூடுதான் ஆளைக் கட்டிப்போடும் என்று நினைக்கிறோம். நான் பார்த்தவரை, பெற்ற வெற்றிதான் அதைவிடப் பெரிய சங்கிலி.

1960-இல் தஞ்சாவூர் தீவிர வேளாண் மாவட்டத் திட்டத்துக்குள் வந்தது. அந்தப் பத்தாண்டிலேயே ஏடிடீ 27 வந்தது, ஐஆர் 8 வந்தது. அன்றைக்கு மண்ணில் மக்கு இருந்தது, புது ரகம் உரத்தை வாங்கி விளைச்சலைக் கொட்டியது. அந்தக் களத்தைப் பார்த்து வளர்ந்த தலைமுறைக்கு உரமூட்டை என்றால் இன்றைக்கும் ஒரு நம்பிக்கை. இப்போது அதே மூட்டையை ரெண்டு மடங்கு போட்டும் விளைச்சல் நகர மறுக்கிறது. ஆனாலும் மனசு அந்தப் பழைய களத்திலேயே நிற்கிறது. "அப்ப விளைஞ்சுதே!" விளைந்தது. அன்றைக்கு இருந்த மண் இன்றைக்கு இல்லையே.

தேதி விஷயமும் அப்படித்தான். ஜூன் 12 மேட்டூர் திறக்கும், குறுவைக்கு நாற்று விடலாம் என்பது டெல்டாக்காரன் ரத்தத்தில் ஊறிய கணக்கு. 2012 முதல் 2019 வரை எட்டு வருஷமும் அந்தத் தேதியில் அணை திறக்கவில்லை. 2020-இல் சொன்ன தேதிக்குத் திறந்தது. 2022-இல் மே 24-ஆம் தேதியே திறந்தது. 2024-இல் ஜூலை 28 ஆயிற்று. 2016-இல் வடகிழக்குப் பருவமழையும் பொய்த்து, 2017 ஜனவரியில் தமிழ்நாடு முழுவதையும் வறட்சி மாநிலமாக அறிவித்தார்கள். கடைமடையில் எங்கள் பயிர் கருகியது அந்த வருஷம்தான். இனி தேதியை மட்டும் நம்பி நாற்று விட்டால் என்ன ஆகும்?

நம் பெரியவர்கள் இதைத் தெரியாமலா இருந்தார்கள்? "ஆடிப்பட்டம் தேடி விதை" என்றார்கள். பார்த்து விதை, நாள் எண்ணி விதை என்று சொல்லவில்லை. *தேடி* விதை என்றார்கள். பட்டத்தைத் தேடணும். மழையைப் பார்க்கணும், மண் ஈரத்தைப் பார்க்கணும், பிறகு விதைக்கணும். நாம் "ஆடிப்பட்டம்" என்பதைப் பிடித்துக்கொண்டோம், "தேடி"யை விட்டுவிட்டோம்.

நம்ம பக்கமும் பூட்டு இருக்கு

ரசாயன விவசாயிகளை மட்டும் சொன்னால் அது நியாயமில்லை. "நான் இருபது வருஷமா இயற்கை விவசாயம் பண்றேன்" என்று தொடங்குகிற மூத்தவர்கள் நம் கூட்டத்திலும் இருக்கிறார்கள். புதுசாக வருகிற பிள்ளை ஒன்று கேட்டால், "ஐயா அப்படிச் சொல்லலை" என்று வாயை அடைத்துவிடுகிறார்கள். நம்மாழ்வார் ஐயாவின் பேரைத்தான் சொல்கிறேன்.

அவர் கதையைக் கொஞ்சம் நினைத்துப் பார்க்கணும். வேளாண்மை படித்து, கோவில்பட்டியில் அரசு ஆராய்ச்சி நிலையத்தில் வேலை பார்த்தவர். மானாவாரி உழவனுக்குக் கட்டுப்படியாகாத விதையையும் உரத்தையும் வைத்து ஆராய்ச்சி செய்து என்ன பயன் என்று கேட்டு, 1969-இல் வேலையை விட்டு வெளியே வந்தார். படித்த படிப்பு, பார்த்த வேலை இரண்டையும் வீசி எறியவில்லை. எந்த இடத்தில் அது உழவனுக்கு உதவாமல் போகிறது என்பதைத் தெரிந்துகொண்டு அங்கிருந்து நடந்தார். 2013 டிசம்பரில் கண்மூடும்வரை ஊர் ஊராகப் போய் உழவர்களிடம் கேட்டுக் கேட்டுக் கற்றுக்கொண்டே இருந்தார். அப்படிப்பட்டவர் பேச்சைச் சாசனமாக்கிப் பூட்டுப் போடுவது அவருக்குச் செய்கிற மரியாதையா?

ஜப்பானில் மசானபு ஃபுகோகாவும் அப்படித்தான். இயற்கை பார்த்துக்கொள்ளும் என்று நம்பி, அப்பாவின் ஆரஞ்சுத் தோட்டத்தைக் கவாத்து செய்யாமல் விட்டார். கிளைகள் ஒன்றோடொன்று பின்னி, பூச்சி ஏறி, மரங்கள் பட்டுப்போயின. அந்த இடத்தில் ரெண்டு முடிவு எடுத்திருக்கலாம். "இயற்கை முறை பொய், கவாத்து இல்லாமல் மரம் இல்லை" என்று சொல்லியிருக்கலாம். அல்லது "மரம் செத்தது விதி" என்று சாதித்திருக்கலாம். அவர் மூன்றாவது வழியில் போனார். ஏற்கனவே வெட்டி வளர்த்த மரத்தைத் திடீரென்று கைவிட்டால் அது செத்துப்போகும், அது இயற்கை இல்லை, கைவிடல் என்று புரிந்துகொண்டார். மரத்தை இளங்கன்றிலிருந்தே அதன் இயல்பில் வளர விடணும் என்ற இடத்துக்கு வந்தார். உலகமே படித்த அவருடைய வேளாண்மை, செத்துப்போன அந்த மரங்களிலிருந்துதான் முளைத்தது.

புல்லு மாதிரி ஒரு நாத்து

ஒற்றை நாற்று நடவு வந்த வழியும் இதைத்தான் சொல்கிறது. 1983-இல் மடகாஸ்கர் தீவில் அன்ரி தெ லொலானியே என்ற பிரெஞ்சுப் பாதிரியார், பருவம் நெருக்கியதால் வேறு வழியில்லாமல் 15 நாள் நாற்றைப் பிடுங்கி நட வேண்டியதாயிற்று. வழக்கமாக நடுகிற நாற்றின் வயதில் பாதிதான். பிழைக்குமா என்று பார்த்தால், தூர் வெடித்துக் கிளம்பியது. பழக்கத்தின்படி அதை ஒரு விதிவிலக்காக ஒதுக்கியிருக்கலாம். அவர் அடுத்த வருஷமும் நட்டுப் பார்த்தார்.

எங்கள் ஊரில் அது வந்தபோது என்ன பேச்செல்லாம் கேட்டேன்! "நண்டு கத்தரிச்சுடும்", "ஒரு மழைக்கு அடிச்சுக்கிட்டுப் போயிடும்", "ஏக்கருக்கு ரெண்டு கிலோ விதையா, குருவிக்குக்கூடக் காணாது." நடவுக்கு வந்த பெண்கள் "இந்தப் புல்லை எப்படிங்க கையில புடிக்கிறது?" என்று சிரித்தார்கள். அதே பெண்கள்தான் மூன்றாவது நாளில் நாற்றை மண்ணோடு தட்டில் பெயர்த்தெடுத்து, முடிச்சுப் போட்ட கயிற்றைப் பிடித்து, 25 செண்டிமீட்டர் இடைவெளியில் நேர்கோடு பிடித்து நட்டார்கள். யோசனையும் அவர்களுடையதே.

ஆனால் முழுக் கதையையும் சொல்லணும். எங்கள் வயலில் மேட்டுப் பங்கில் அது அருமையாக வருகிறது. பள்ளப் பங்கில் ஐப்பசி மழைக்குத் தண்ணீர் கட்டி நிற்கும், வடிக்க வழியில்லை. அங்கே பெரியவர்கள் சொன்ன 30 நாள் நாற்று, குத்துக்கு ரெண்டு மூணு என்பதே சரி. நண்டு, மழை என்று அவர்கள் பயந்தது வெறும் பயமில்லை. பள்ளப் பங்கிலிருந்து பிறந்த அறிவு அது. பள்ளத்தில் கற்றதை மேட்டுக்கும் சட்டமாக்கியதுதான் இடறல். மேட்டில் ஜெயித்ததைப் பள்ளத்துக்குச் சட்டமாக்கினாலும் அதே இடறல்தான்.

கஜாவுக்குப் பிறகு

2018 நவம்பர் 16-ஆம் தேதி விடியற்காலை கஜா கரையேறியது. பட்டுக்கோட்டை, பேராவூரணி, ஒரத்தநாடு பக்கம் தென்னந்தோப்புகள் படுத்துக் கிடந்ததை நாம் எல்லோரும் பார்த்தோம். முப்பது வருஷ உழைப்பு ஒரு ராத்திரியில் போனது. அதற்குப் பிறகு ரெண்டு விதமான ஆட்களைப் பார்த்தேன். "இனி ஜென்மத்துக்கும் மரம் வைக்கமாட்டேன்" என்று நிலத்தை அப்படியே போட்டவர் ஒருவர். விழுந்த குழியிலேயே, அதே 25 அடி இடைவெளியில், வெறும் தென்னையாக மறுபடி வைத்தவர் இன்னொருவர். ஒருவர் அனுபவத்துக்கு அடிமையானார், இன்னொருவர் அதைக் கண்டுகொள்ளவே இல்லை. ரெண்டு பேருமே அந்தப் புயலிடம் எதையும் கற்கவில்லை.

மூன்றாவது ஆளும் உண்டு. தென்னையை வைத்தார். ஊடே வாழை, கிழங்கு, பலா, எலுமிச்சை வைத்தார். காற்று வரும் பக்கம் வேலியோரமாகப் பல உயரத்தில் மரங்களை வைத்தார். நெட்டைத் தென்னை காய்ப்புக்கு வர அஞ்சாறு வருஷம் ஆகும், அதுவரை அடுப்பு எரியணுமே! அடுத்த புயல் வராது என்று அவர் நம்பவில்லை. வந்தால் எல்லாம் ஒரே ராத்திரியில் போகக்கூடாது என்று ஏற்பாடு செய்தார். அவர் பயத்தை மறக்கவில்லை, அதை வேலைக்கு வைத்துக்கொண்டார்.

வீட்டுக்குள்ளே இருக்கிற பூட்டு

இதெல்லாம் வயல் கணக்கு. வீட்டுக் கணக்கு இன்னும் கனமானது.

எங்கள் பக்கத்து ஊரில் ஒரு பெரியவர். 2016 வறட்சியில் நகையெல்லாம் போய், கடனை அடைக்க ஏழு வருஷம் ஓடியது. மகன் கோயம்புத்தூரில் வேலை பார்த்துக்கொண்டிருந்தான். ஊருக்கு வந்து, "அப்பா, ரெண்டு மா மட்டும் குடுங்க, என் போக்குல பண்ணிப் பார்க்கிறேன்" என்று கேட்டான். "நான் பட்டது போதும்டா, நீ போயி வேலையைப் பாரு" என்று முடித்துவிட்டார். அது கோபமில்லை, பாசம். தான் விழுந்த குழியில் பிள்ளை விழக்கூடாது என்ற தவிப்பு. மகனும் சளைக்கவில்லை. அடுத்த ஊரில் வேறொருவர் நிலத்தைக் குத்தகைக்குப் பிடித்து, பூங்காரும் உளுந்தும் போட்டிருக்கிறான். பெரியவர் சாயந்தரம் சைக்கிளில் அந்தப் பக்கம் போகிறார். ரோட்டிலேயே நின்று பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார். வரப்பில் கால் வைப்பதில்லை.

அவருக்கு மடை கட்டத் தெரியும், எந்தப் பங்கில் களர் இருக்கிறது என்று தெரியும், எந்த மேகம் பெய்யும் என்று தெரியும். நாற்பது வருஷத்து அறிவு ரோட்டில் நிற்கிறது. மகன் அதையெல்லாம் முதலிலிருந்து காசு கொடுத்துக் கற்றுக்கொண்டிருக்கிறான். பாடம் பூட்டானால் நட்டம் ரெண்டு பக்கமும். ஊர் திரும்ப நினைக்கிற பிள்ளைகள் ஏற்கனவே குறைவு. அவர்களையும் நம் பழைய வலியைக் காட்டித் திருப்பி அனுப்பினால், நாளைக்கு அந்த வரப்பில் யார் நடப்பார்?

இளையவர்களுக்கும் ஒரு வார்த்தை. "அப்பாவுக்கு ஒண்ணும் தெரியாது, நான் காணொளியில பார்த்துட்டேன்" என்று வராதீர்கள். அப்பாவின் முடிவோடு சண்டை போடுங்கள், அவர் பட்டதோடு சண்டை போடாதீர்கள். "எப்படி நட்டமாச்சுப்பா?" என்று உட்கார்ந்து கேளுங்கள். அந்தக் கேள்வியை அவரிடம் இதுவரை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

நாலு கேள்வி, அஞ்சு சென்ட்

ஒரு அனுபவத்தை நம்புவதற்கு முன் நாலு கேள்வி கேட்கலாம்.

ஒன்று, எந்த வருஷம், எந்தப் பங்கு, எந்தப் பட்டம்?

ரெண்டு, முறையை முழுசாகச் செய்தோமா, பாதியில் விட்டோமா? பத்து லிட்டர் தண்ணீருக்கு 300 மில்லி பஞ்சகவ்யா என்றால் அந்த அளவில் அடித்தோமா, ஒரு தடவை கண்ணை மூடிக்கொண்டு தெளித்துவிட்டுக் கேட்கலை என்றோமா?

மூன்று, அந்த வருஷம் வேறு என்ன நடந்தது? மழையா, வறட்சியா, விலை விழுந்ததா, வீட்டில் ஆளில்லாமல் களை ஏறியதா?

நாலு, அன்றைக்கும் இன்றைக்கும் நடுவில் எது மாறியிருக்கிறது? மண்ணா, தண்ணியா, சந்தையா, நமக்குத் தெரிந்ததா?

நாலுக்கும் பதில் தெரிந்தால் அது பாடம். ஒன்றுக்கும் தெரியாவிட்டால் அது வெறும் பயம். பதில் தெரிய எழுதி வைக்கணும். நூறு பக்க நோட்டு ஒன்று போதும். விதைத்த தேதி, மழை, செலவு, பூச்சி வந்த நாள், விளைச்சல். வருஷம் போகப் போக மனசு கணக்கை மாற்றிவிடும், நட்டம் பெருசாகும், காரணம் மறந்துபோகும். நோட்டு மாற்றாது.

அப்புறம், புதுசாகவோ, பழசையே மறுபடியுமோ செய்து பார்க்க அஞ்சு சென்ட் ஒதுக்குங்கள். ஏக்கருக்கு 30 மூட்டை வருகிற நிலத்தில் அஞ்சு சென்ட் மொத்தமாகப் போனாலும் ஒன்றரை மூட்டைதான் நட்டம். அதைத் தாங்கலாம். பக்கத்திலேயே வழக்கமான முறையில் அதே அளவு நிலம் இருக்கட்டும், ஒப்பிட்டுப் பார்க்க. ஒரே சமயத்தில் நாலை மாற்றாமல் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். அப்போதுதான் எதனால் விளைந்தது, எதனால் போனது என்று தெரியும். ஒரு வருஷத்தில் முடிவு கட்டாமல் ரெண்டு மூணு போகம் பாருங்கள். பிறகு ஏக்கருக்குப் போகலாம், அல்லது கைவிடலாம். கைவிட்டாலும் காரணம் தெரிந்து கைவிடுவோம்.

இயக்கத்துக்கும் ஒரு கோரிக்கை வைக்கிறேன். பண்ணைப் பார்வை என்றால் நன்றாக விளைந்த வயலுக்கே கூட்டிப்போகிறோம். வருஷத்துக்கு ஒரு தடவையாவது போன வயலுக்குப் போவோம். சாய்ந்த நெல்லின் நடுவே, பூச்சி தின்ற தோட்டத்தின் நடுவே உட்கார்ந்து அந்த உழவரைப் பேசச் சொல்வோம். யாரும் அறிவுரை சொல்லக் கூடாது, கேள்வி மட்டும் கேட்கணும். பத்து வெற்றிக் கதையில் கிடைக்காதது அங்கே கிடைக்கும். நட்டப்பட்டவரும் தலைகுனிந்து போகாமல், பத்துப் பேருக்குப் பாடம் கொடுத்தோம் என்று நிமிர்ந்து போவார்.

ஆடிக்கு இன்னும் நாள் இருக்கிறது. "இது நமக்கு வராது" என்று நீங்கள் மூட்டை கட்டிப் போட்டது எது என்று இன்று ராத்திரி யோசித்துப் பாருங்கள். அதை அவிழ்த்து ஈரச் சாக்கில் போடுங்கள். முளைத்தால் அஞ்சு சென்ட்டில் நடுங்கள். முளைக்காவிட்டால் மாட்டுக்குப் போடுங்கள், அதுவும் எருவாகித் திரும்பி நம்ம வயலுக்குத்தான் வரும்.